இரண்டு நாற்காலிகளுக்கு ஒரே மைக்

மேடையில் பேசப் பழகியவர்களுக்கு அச்சம் புதிதன்று. பெயர் அழைக்கப்படுவதற்கு முந்தைய சில நொடிகளில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வதும், முழங்கால்கள் தமக்குள் நடுங்குவதும் பள்ளி நாள்களிலிருந்தே எனக்குப் பழக்கம். அவற்றுக்கெல்லாம் மருந்தும் வைத்திருந்தேன். கட்டைவிரல் நகத்தால் சுட்டுவிரலை அழுத்துவேன். கடைசி வரிசையில் கொட்டாவி விடும் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவருக்காகவே முதல் வாக்கியத்தைத் தொடங்குவேன். ஆனால் இந்த ஆண்டு ஒரு பௌர்ணமிப் பிற்பகலில், செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மாடியறையில், ஒரு கணினியின் முன் உட்கார்ந்திருந்தபோது என்னைப் பிடித்த அச்சத்துக்கு அந்த மருந்துகளில் ஒன்றும் வேலை செய்யவில்லை. அங்கே கடைசி வரிசை என்று ஒன்றில்லை. அடுத்த அறையில் அம்மா மட்டும் இருந்தார். அவரால் இனிப் பேச முடியாது. அவருடைய குரல் முழுவதையும் சேமித்து வைத்திருந்த டிஸ்க், திரையிலிருந்து காணாமல் போயிருந்தது.

அம்மாவுக்குக் குரல்வளையில் புற்று. குரல்வளையை முற்றிலும் எடுத்துவிட்டால் உயிரைக் காக்கலாம், குரலைக் காக்க முடியாது என்று வேலூரில் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவர்தான் எங்களுக்கு வேறொரு வழியைக் காட்டினார். அறுவை சிகிச்சைக்கு முன்பே அம்மாவின் குரலை மணிக்கணக்கில் பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை அதே குரலில் கணினியைப் பேசவைக்கலாம் என்றார். பதிவு எவ்வளவு கூடுதலோ, குரல் அவ்வளவு அசலாக இருக்கும்.

எங்கள் வீட்டில் குரல் என்பது பிழைப்பு. ரமணாசிரமத்துக்கு அருகே அப்பாவும் அம்மாவும் ஒரு சிறிய டிபன் கடை நடத்துகிறார்கள். அடுப்பு அப்பாவுடையது, முன்புறம் அம்மாவுடையது. அங்கே நின்றபடி அம்மா கொடுக்கும் சத்தம்தான் அடுப்படிக்குப் போகும் ஒரே உத்தரவு. தெருவில் போகும் ஆட்டோ, எதிர்க் கூரையில் அகவும் மயில், கடைக்குள் பேசிக்கொண்டிருக்கும் வெளிநாட்டினர் என அத்தனையையும் தாண்டி அந்தக் குரல் அப்பாவிடம் போய்ச் சேரும். என் குரலை மேடைகளில் பாராட்டியவர்கள் பலர். அது எங்கிருந்து வந்தது என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.

படித்துப் பதிவதற்காக மருத்துவமனையில் சில வாக்கியங்களைக் கொடுத்திருந்தார்கள். அம்மாவுக்கு அவை பிடிக்கவில்லை.

"'மாலையில் பறவைகள் கூடு திரும்புகின்றன.' இத நான் யாருகிட்டடி போய்ச் சொல்லப் போறேன்?"

"எல்லா எழுத்தும் வாய்ல வரணும்னு குடுத்திருக்காங்கம்மா."

"எழுத்து வரட்டும். சாப்ட்டுட்டு காசு குடுக்காம ஒருத்தன் எழுந்து போறான்னு வை. அப்ப இன்னா, பறவை கூடு திரும்புதுனு சொல்லி நிறுத்தவா?"

ஆகவே அவற்றையும் படித்தார். தமக்குத் தோன்றியவற்றையும் பேசினார். இரண்டாவது முறை சட்னி கேட்பவரை எப்படிச் சமாளிப்பது, மாவு புளித்துப்போனால் யாரைத் திட்டுவது, அப்பா உப்பை ஜாஸ்தியாகப் போட்ட நாள்களின் வரலாறு என்று அது நீண்டது. தொண்டை வலி கூடிய நாள்களிலும் நிறுத்தவில்லை. மாடியறைச் சன்னலை எவ்வளவு இறுக மூடினாலும், பதிவின் நடுவே எங்காவது ஒரு மயில் நுழைந்துவிடும். "அதுவும் பேசட்டும், உடு," என்பார்.

அந்தப் பதிவுகளை இணையத்திலும் ஏற்றி வைக்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் அம்மா கடுமையாக மறுத்தார். "என் கொரலு எவன் எவன் ஊட்டுலயோ கெடக்க வேணாம். நம்ம ஊட்டுலயே இருக்கட்டும்." நானும் வற்புறுத்தவில்லை. வீட்டிலேயே இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்திருக்கலாம். ஆனால் நான் துண்டுச்சீட்டு இல்லாமல் பேசுவதையே பெருமையாகக் கொண்ட பள்ளியில் பயின்றவள். கையில் சீட்டு வைத்திருப்பவனுக்குத் தன் நினைவின்மீது நம்பிக்கையில்லை என்பது எங்கள் பயிற்சியின் பாலபாடம். நகல் என்பதும் எனக்கு அப்படியொரு சீட்டாகவே தோன்றியது. ஒரே கணினி, அதில் ஒரே கோப்புறை, அதற்கு 'அம்மா' என்று பெயர். அது போதும் என்றிருந்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீடு திரும்பினார். கழுத்தில் மூச்சுக்காகத் திறந்த துளையின்மேல் மெல்லிய பருத்தித் துணி. எங்களை அழைக்க வேண்டுமானால் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டுவார். அப்பாவுக்கு ஒரு தாளம், எனக்கு ஒரு தாளம். கோபத்துக்குத் தனித் தாளம்.

குரலைக் கட்டமைக்கும் நிரலுக்கு என் கணினியின் வேகம் போதவில்லை. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஓரிரவில் முடியும் வேலை, அது இல்லாவிட்டால் வாரக்கணக்கில் நீளும் என்று தெரிந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையில், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய கார்டு ஒன்று கிடைத்தது. அதைப் பொருத்த யாரையும் அழைக்கவில்லை. எங்கள் சொற்போர் அணியின் பேச்சுகளை நேரலையாக அனுப்புவதற்காக, கேமராப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்ச்சர் கார்டை முன்பொருமுறை நானே பொருத்தியிருக்கிறேன். அதுவே போதுமான தகுதி என்று கருதினேன்.

பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட்டுகள் இரண்டு, குட்டையான ஸ்லாட் ஒன்று. முதல் நீள ஸ்லாட்டில் கேப்ச்சர் கார்டு உட்கார்ந்திருந்தது. இரண்டாவது நீள ஸ்லாட் காலியாக இருந்தது. இந்த இடத்தில் என் கை எப்படி முடிவெடுத்தது என்பதைச் சொல்ல வேண்டும். மேடையில் ஒருவர் அமர்ந்துவிட்டால் அவரை எழுப்பி வேறொருவரை அமர்த்துவது பெரிய அவமதிப்பு. தாமதமாக வரும் விருந்தினர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவருக்கு அடுத்த நாற்காலிதான். நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராக நான் பலமுறை காத்த மரபு அது. அன்றும் காத்தேன். கேப்ச்சர் கார்டை எழுப்பவில்லை. புதிய கார்டை இரண்டாவது ஸ்லாட்டில் அழுத்தினேன். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது.

கணினி உயிர்பெற்றது. புதிய கார்டின் பெயர் திரையில் தெரிந்தது. எனக்கு நானே தலையசைத்துப் பாராட்டிக்கொண்டு நிரலைத் திறந்தேன். 'அம்மா' கோப்புறையைக் காணவில்லை என்றது. தவறான இடத்தில் தேடுகிறது போலும் என்று நானே தேடினேன். கோப்புறை இல்லை. கோப்புறை இருந்த இரண்டாவது டிஸ்க்கே இல்லை. கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை.

இழந்த பொருளை மீண்டும் வாங்கலாம், எழுதியதை மீண்டும் எழுதலாம். இதை மீண்டும் பதிய முடியாது. பதிய வேண்டிய தொண்டை இப்போது இல்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் டம்ளர் ஒலித்தது. எனக்கான தாளம்.

எழுந்து போனேன். அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார். புருவத்தை உயர்த்தி 'ஆச்சா' என்று கேட்டார். தம் புதிய குரலில் முதலில் கேட்க வேண்டிய வாக்கியத்தைக் கைபேசியில் அடித்து வைக்கும்படி காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். 'நான் மீண்டு வந்துவிட்டேன்' என்று நானே ஒன்றை இயற்றியும் கொடுத்திருந்தேன். அம்மா கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்மா," என்றேன். ஆயிரம் பேர் கூட்டத்தில் உடையாத என் குரல், ஒரேயொருவர் முன்னால் பாதியில் உடைந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் திரும்பிவிட்டேன்.

அந்த நிலையில் நான் அழைக்கக்கூடியவள் ஒருத்தி மட்டுமே இருந்தாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, எங்கள் கல்லூரியிலேயே கணினி படிப்பவள், எந்தத் தலைப்பாக இருந்தாலும் எனக்கு எதிரணியில் நிற்பவள். மூன்றாண்டுகளாக அவள் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது நான் மறுக்காமல் விட்டதில்லை. அவளிடம் உதவி கேட்பதைவிட மேடையில் வசனம் மறந்து நிற்பது மேல் என்று வேறொரு நாளில் சொல்லியிருப்பேன். அன்று அவள் எண்ணை அழுத்த எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சொல்லுங்க பேச்சாளரே. மைக் கெடைக்கலயா?" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது.

"நான் வந்துருவேன்டி. ஆனா இன்னிக்கி பௌர்ணமி. பஸ்ஸ ஊருக்கு வெளியவே நிறுத்திடறான். அந்தக் கூட்டத்துல நடந்து உங்க வீட்டுக்கு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். போன்லயே பாக்கலாம். ஒண்ணு மட்டும் கேளு. சரி பண்ணட்டுமானு கம்ப்யூட்டர் கேட்டாலும் சரி, எல்லாத்தையும் அழிச்சி பார்மட் பண்ணட்டுமானு கேட்டாலும் சரி, எதுக்கும் ஆமான்னு சொல்லாத."

"டிஸ்க் செத்துப்போச்சு. எனக்குத் தெரியுது."

"ஆதாரம்?"

"காணோமே."

"காணோம்ங்கறது ஆதாரமாடி? நேத்து இருந்துது. இன்னிக்கி நீ புதுசா செஞ்ச வேல இன்னா?"

"கார்டு போட்டேன்."

"அவ்ளோதான். மொதல்ல அதைச் சந்தேகப்படு. பெட்டிக்குள்ள ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

படம் போய்ச் சேரும்வரை சன்னலுக்குக் கீழே கிரிவலக் கூட்டத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. வெறுங்கால்களின் உராய்வு, பலூன்காரரின் ஊதல், காணாமல் போன ஒரு குழந்தையின் அடையாளத்தை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல். மஞ்சள் சட்டை, காலில் கொலுசு. கேட்கப் பிடிக்காமல் சன்னலைச் சாத்தினேன்.

"பாத்துட்டேன்," என்றாள். "ஏன்டி கேப்ச்சர் கார்டை மொத ஸ்லாட்டுல வச்சிருக்க?"

"அது முன்னாடியே அங்க இருந்தது. எழுப்ப வேணாம்னு..."

"எழுப்ப வேணாமா? அது இன்னா மாவட்டச் செயலாளரா, எழுப்புனா கட்சி மாறிடுமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"கேளு. இந்த மாதிரி போர்டுங்கள்ல ரெண்டாவது நீள ஸ்லாட்டுக்கும், அதுக்குக் கீழ திருகு போட்டுப் படுத்திருக்குது பாரு உன் டிஸ்க்கு, அதுக்கும் பல நேரத்துல ஒரே வழிதான். ஸ்லாட்டுல ஒண்ணும் இல்லாதவரைக்கும் வழி டிஸ்க்குக்கு. கார்டு வந்து உக்காந்தா வழி கார்டுக்குப் போயிடும். டிஸ்க்கு அப்படியே இருக்கும். அது பேசறது கம்ப்யூட்டருக்குக் கேக்காது, அவ்ளோதான்."

அவள் சொன்னது எனக்கு உடனே விளங்கிற்று. சிற்றூர் விழாக்களில் ஒலிபெருக்கிக்காரர் இரண்டு அணிகளுக்கும் இரண்டு மைக் வைத்திருப்பார். ஆனால் அவற்றுக்கு இணைப்பு ஒன்றுதான். ஒரு பக்கத்துக்கு விசையைத் தள்ளினால் மறுபக்கம் ஊமையாகிவிடும். மைக் நிற்கும், பேசுபவர் நிற்பார், வாய் அசையும். கூட்டத்துக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு நாற்காலிகள் இருப்பதைப் பார்த்தேனே தவிர, மைக் எத்தனை என்று நான் பார்க்கவில்லை.

"நிச்சயமா அதானா?" என்றேன்.

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். உன் போர்டு எனக்குத் தெரியாது. அதான்னுதான் தோணுது." பிறகு கேட்டாள். "கார்டு சொருவறப்ப கரண்ட்ட அணைச்சல்ல?"

"அணைச்சேன்."

"எங்க? கம்ப்யூட்டர்லயா, செவுத்துலயா?"

சுவர் விசையைத் தொட்ட நினைவு எனக்கு இல்லை. கணினியை அணைத்துவிட்டு நேராகத் திருகுகளைக் கழற்றிய நினைவுதான் இருந்தது.

"அணைச்சி வச்சாலும் உள்ள போர்டுல கொஞ்சம் கரண்ட் இருக்கும்டி," என்றாள் மெதுவாக. "பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது."

பெரும்பாலும். அந்தச் சொல்லை நானே எத்தனையோ மேடைகளில் எதிரணியின் வாயிலிருந்து பிடுங்கிக் கிழித்திருக்கிறேன். அன்று அதைப் பற்றிக்கொண்டு தொங்கினேன்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அவள் சொன்னபடி பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக் கையிலிருந்த மின்னேற்றத்தை இறக்கினேன். கார்டைப் பிடித்திருந்த திருகைக் கழற்றினேன். ஸ்லாட்டின் முனையில் ஒரு சின்னத் தாழ் இருக்கிறது. உள்ளே போகும்போது தானாகப் பூட்டிக்கொண்ட அது, வெளியே வர மறுத்தது. அழுத்தினால் உடைந்துவிடும் என்று பயம், அழுத்தாவிட்டால் வராது. வியர்வையில் விரல் வழுக்கியது. கார்டுக்கு நேர் கீழே, ஒரு விரல் நீளமே உள்ள அந்த டிஸ்க் கிடந்தது. சட்னியும், மாவும், அப்பாவின் உப்பும், மயிலும் அதற்குள்தான் இருந்தன, இன்னும் இருந்தால்.

அடுத்த அறையில் மறுபடி டம்ளர். இம்முறை கோபத் தாளம்.

"அது இன்னா சத்தம்?" என்றாள் தோழி.

"அம்மா."

தாழ் இறங்கியது. கார்டு கையோடு வந்தது. பெட்டியை மூடாமலே பிளக்கைச் செருகிக் கணினியைப் போட்டேன். எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று காட்டும் அமைப்புத் திரைக்குள் போகும்படி அவள் சொன்னாள். திரை கறுப்பாகவே இருந்தது. கணினி தன்னிடம் உள்ளவற்றை எண்ணிக்கொண்டிருக்கும் அந்தக் கறுப்பு, எந்தத் தீர்ப்புக்கும் நான் காத்திராத அளவுக்கு நீண்டது. கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரலில் அழுத்தியிருந்தேன். தோல் கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

வரிகள் வந்தன. முதல் டிஸ்க். அதன் கீழே, இரண்டாவது.

"வந்துடுச்சி," என்றேன்.

"உள்ள இருக்குதானு பாரு. அப்புறம் சொல்லு," என்றாள். எதிரணியில் இருந்து பழகியவள்.

கோப்புறையைத் திறந்து, கைக்கு அகப்பட்ட முதல் கோப்பை ஓடவிட்டேன். ஒலிபெருக்கி உச்சத்தில் இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

"இன்னாடி, ஆரம்பிச்சிட்டியா? செவப்பு லைட்டு எரியுதா இல்லயா? ஒரு வார்த்த சொல்றதில்ல."

வீடு முழுவதும் அம்மாவின் குரல். அடுத்த அறையில் டம்ளர் சட்டென்று நின்றது. கைபேசியில் தோழி மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

அம்மா அறை வாசலுக்கு வந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அறுவைக்குப் பிறகு தம் குரலை அவர் கேட்பது அதுதான் முதல்முறை. ஒரு கை கழுத்துத் துணிக்குப் போனது. மூடவில்லை, அருகில் நின்றது. எனக்கு மீண்டும் அச்சம் பிடித்தது. இதை இப்படிக் கேட்கும்படி செய்திருக்கக் கூடாதோ என்று நிறுத்தப் போனேன். அம்மா விரலைச் சுழற்றினார். திரும்பப் போடு.

திரும்பப் போட்டேன். அதன் பிறகு இன்னொன்று. அப்பாவின் உப்பு வந்தபோது அம்மாவின் தோள்கள் ஓசையின்றிக் குலுங்கின. அது சிரிப்புதான் என்று உறுதியாகும்வரை நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு இன்னொரு காப்பி எடுத்து வச்சிக்கலாமா?" என்று கேட்டேன். "வெளிய ஒருத்தங்க வீட்டுல. இணையத்துல இல்ல. இவ வீட்டுல."

அம்மா, தோழியின் பெயர் தெரிந்த என் கைபேசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. தலையசைத்துவிட்டு, தம் கைபேசியில் மெல்லத் தட்டிக் காட்டினார்: 'அந்த பொண்ணு எதிர்க்கட்சி ஆச்சே. பத்திரமா வெச்சிக்குமா?'

படித்துக் காட்டினேன்.

"ஆன்ட்டி, உங்க பொண்ண விட பத்திரமா வெச்சிக்குவேன்," என்றாள் தோழி. அந்த வாக்கியத்தை நான் மறுக்கவில்லை.

வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து முடித்த பிறகே பெட்டியில் மறுபடி கைவைத்தேன். கேப்ச்சர் கார்டை எழுப்பினேன். அதன் காலே குட்டையானது. குட்டை ஸ்லாட் அதற்குப் போதும். அத்தனை நாளும் தலைமை நாற்காலியில் அதை வீணாக உட்காரவைத்திருந்தேன். முதல் ஸ்லாட் கிராபிக்ஸ் கார்டுக்கு. இரண்டாவது ஸ்லாட்டைக் காலியாகவே விட்டு, அதன்மேல் ஒரு காகிதப் பட்டையையும் ஒட்டிவைத்தேன். இந்த முறை திரையில் எல்லாப் பெயர்களும் இருந்தன. ஆனாலும் இன்றுவரை, அந்தக் கணினியைப் போடும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது டிஸ்க்கின் பெயர் வரும்வரை நான் மூச்சு விடுவதில்லை.

நிரல் தன் வேலையை முடித்தபோது மறுநாள் காலையாகியிருந்தது. அந்தக் குரலை அம்மாவின் கைபேசியோடு இணைத்துவிட்டு, கடைக்குப் போகப் புறப்பட்ட அப்பாவையும் நிறுத்திக்கொண்டேன். அம்மா தம் கைபேசியை நிமிர்த்தினார். நான் இயற்றித் தந்த வாக்கியத்தை அவர் அழித்திருந்தார். வேறொன்றை எப்போது அடித்தாரோ தெரியாது, பொத்தானை அழுத்தினார். சற்றே தட்டையான, ஆனால் சந்தேகத்துக்கிடமின்றி அம்மாவுடைய குரல் கேட்டது.

"காணாம போனது கெடச்சிதா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நேற்று நான் போனில் பேசியதெல்லாம் அடுத்த அறைக்குக் கேட்டிருக்கிறது.

"கெடச்சிதும்மா," என்றேன்.

அம்மா மறுபடி தட்டினார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். நாங்கள் காத்திருந்தோம்.

"அப்புறம் ஏன் நிக்கற? அப்பாவுக்கு வெங்காயம் உரிச்சிக் குடு. நேரம் ஆவுது."